‘ஆதல் வேண்டும்’, ‘ஆகலாம்’: ஆங்கிலத் துணைவினைகளைத் தமிழ் மாணவர் பயிலும் முறை

கண்டி மாநகரிலே, தலதா மாளிகையின் அயலில், வேலைப்பாடமைந்த மரத்தூண்கள் தாங்கி நிற்கும் பழைய மண்டபம் ஒன்று உளது. ‘மகுல் மடுவ’ எனச் சிங்கள மொழியில் வழங்கும் அம்மண்டபத்தில், 1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் நாள், தேசாதிபதி றொபேட் பிறவுண்றிக்கும் கண்டிப் பிரதானிகளும் கூடியிருந்த அவையில், கண்டி இராச்சியத்தைப் பிரித்தானிய முடிக்கு உரித்தாக்கிய உடன்படிக்கை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வாசிக்கப்பட்டது. பன்னிரண்டு பிரிவுகளைக் கொண்ட அவ்வுடன்படிக்கை வரலாற்று மாணவரால் நன்கு அறியப்பட்டது. ஆங்கில இலக்கணம் பயிலும் மாணவரும் அதிற் கற்றற்குரியது ஒன்று உண்டு.

அதன் 7ஆம் பிரிவு, தேசாதிபதியின் எழுத்து மூலமான ஆணையின்றி எவர் மீதும் மரண தண்டனை நிறைவேற்றப்படுதல் ஆகாது என்னும் கருத்தினது. அவ்விடத்தில் ஆங்கில மூலம் ஆளும் துணைவினை ‘கான்’ என்பதாகும். ‘கான்’ எனின் ‘முடியும்’ எனக் கீழ்வகுப்பிற் கற்ற மாணவன், தண்டனை நிறைவேற்றுவோனது வாளும் கையும் வலியிழந்துவிடும் என்றா பொருள்கொள்வான்? வலிமை இன்மை ஈண்டுக் கூறப்படவில்லை. உரிமை இன்மையே கூறப்பட்டது. 5ஆம் பிரிவு பௌத்த சமயத்தின் கிரியைகளும் குருமாரும் வழிபாட்டிடங்களும் பேணிக் காக்கப்பட வேண்டியவை என்கின்றது. அங்கு ‘மஸ்ற்’ என்பதும் இல்லை, ‘ஷல்’ என்பதும் இல்லை. ‘ஆர் ரூ பி’ என்னும் தொடரே கடப்பாட்டை உணர்த்தி நிற்கின்றது. ஊவாக் கிளர்ச்சியின் பின்னர், 1818ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 21ஆம் நாள் வெளியிடப்பட்ட பிரகடனத்திலோ, அச்சமயத்தின் குருமாரும் கிரியைகளும் முன்னாளிற் பெற்ற மதிப்பைப் பெறுதல் பற்றிக் கூறுமிடத்து ‘ஷல்’ ஆளப்பட்டது. ஓர் இராச்சியத்தின் சட்டமும் சமயமும் இத்துணைச் சிறிய சொற்களில் தங்கியிருந்தன.

இத்தகைய சொற்களைத் தமிழ் மாணவர் எவ்வாறு பயிலுதல் தகும் என்பதே இக்கட்டுரையின் பொருள். ஒரு தமிழ்ச் சொல்லுக்கு ஓர் ஆங்கிலச் சொல் என நிரல்படுத்தி மனனஞ் செய்யும் முறை இங்குப் பயன்படாது. சொல்லின் பின்னால் நிற்கும் விசை யாது, அது எங்கிருந்து வருகின்றது, எதிர்மறை எவ்விடத்தில் விழுகின்றது என்பனவற்றை முதலில் தமிழிலேயே தெளிந்து, பின்னரே ஆங்கிலச் சொல்லைத் தேர்தல் வேண்டும்.

சொற்களின் இயல்பு

கான், குட், மே, மைற், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ற் என்னும் ஒன்பதும் இவ்வகையின் தலையாய சொற்கள். ‘ஓற்’, ‘நீட்’ என்பன சில இயல்புகளால் இவற்றோடு சேர்ந்தும் சிலவற்றால் வேறுபட்டும் நிற்பன. ஏனைய வினைகள் செயலைக் கூறும். இவை அச்செயல் இயலுவதோ, ஏற்புடையதோ, கட்டாயமானதோ, நிகழத்தக்கதோ என்பதைக் கூறும். செயலின்பாற் பேசுவோன் கொண்ட நிலையை உணர்த்துதலின், இவற்றைப் பாங்குத் துணைவினைகள் எனல் பொருந்தும்.

இவற்றின் புறவடிவம் பற்றிய விதிகள் சிலவே. படர்க்கை ஒருமையில் ஏனைய வினைகள் ஏற்கும் ‘எஸ்’ என்னும் ஈற்றை இவை ஏலா. இவற்றின்பின் வரும் வினை ‘ரூ’ என்னும் இடைச்சொல்லின்றி நிற்கும். ‘ஓற்’ என்பதற்கு மட்டும் அவ்விடைச்சொல் வேண்டும். எதிர்மறைக்கும் வினாவிற்கும் ‘டூ’ என்னும் வினையின் துணையை இவை நாடா. ஒன்றன்பின் ஒன்றாக இவற்றுள் இரண்டு அடுத்து வாரா. ஆகலின் ‘நாளை என்னால் வர முடியும்’ என்பதை எதிர்காலமாக்கக் கருதி ‘வில் கான்’ என எழுதுதல் வழுவாகும்; ‘வில் பி ஏபிள் ரூ’ என்பதே மரபு.

படர்க்கை ஒருமையில் ஈறு ஏலாமை தமிழ் மாணவர்க்குப் புதுமையாகத் தோன்றவேண்டியதன்று. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் தமது ‘இலக்கணச் சுருக்கம்’ என்னும் நூலில், வேண்டும், தகும், படும் என்னும் மூன்று வினைமுற்றுகளும் இருதிணை ஐம்பால் மூவிடங்களுக்கும் பொதுவாக வரும் எனக் காட்டியுள்ளார். நான் போக வேண்டும், நீர் போக வேண்டும், அவள் போக வேண்டும், அவை போக வேண்டும் என எழுவாய் மாறினும் ‘வேண்டும்’ மாறுவதில்லை. ‘மஸ்ற்’ என்பதும் அவ்வாறே மாறாது நிற்கும். கண்டியிற் பயிலும் சிங்கள மாணவனுக்கும் இஃது ஒக்கும். அவன் மொழியிலுள்ள ‘புளுவன்’, ‘ஓனே’ என்னும் சொற்களும் எழுவாய்க்கேற்பத் திரிவதில்லை. தாய்மொழி இலக்கணத்தை நன்கு அறிந்த மாணவன், ‘கான்’ என்பதன் ஈற்றில் ‘எஸ்’ சேர்த்தெழுதும் பிழையை எளிதில் தவிர்ப்பான்.

சொற்பிறப்புத் தரும் ஒளி

இரு மொழிகளிலும் இச்சொற்கள் தொடக்கத்தில் முழுப்பொருள் வினைகளாக இருந்து, பின்னர்த் துணைவினைகளாகத் தேய்ந்தவை. ‘கான்’ என்பதன் பழைய வடிவம் ‘அறிதல்’ என்னும் பொருளது. ‘மே’ என்பது ‘வலிமையுடைத்தாதல்’ என்னும் பொருளிலிருந்து வந்தது. ‘வில்’ என்பது ‘விரும்புதல்’. ‘ஷல்’ என்பது ‘கடன்பட்டிருத்தல்’. ‘ஓற்’ என்பதும் கடன்படுதலைக் குறித்த வினையின் இறந்தகால வடிவமே.

இவற்றைத் தமிழோடு ஒப்பு நோக்குதல் பெரிதும் பயன் தரும். ‘வேண்டுதல்’ என்பது முதற்கண் விரும்புதலையே குறித்தது. ‘எனக்குப் பால் வேண்டும்’ என்பதில் அப்பொருள் இன்றும் உண்டு. ‘முடியும்’ என்பது நிறைவெய்துதலையும், ‘கூடும்’ என்பது ஒன்றுசேர்தலையும் குறித்து நின்று, பின்னர் இயலுதலை உணர்த்தலாயின. ‘செய்யலாம்’ என்பது ‘செய்யல் ஆம்’ என்பதன் புணர்ச்சி வடிவம். செய்தல் ஆகும் என்பது அதன் பொருள். இவை யாவற்றினும் சிறந்த ஒப்புமை ‘கடவது’ என்னும் சொல்லில் உளது. ‘செய்யக் கடவன்’, ‘ஆகக் கடவது’ எனப் பழைய உரைநடையிலும் ஆவணங்களிலும் பயின்ற அச்சொல், கடன், கடமை என்னுஞ் சொற்களோடு உறவுடையது. ‘ஷல்’ என்பதும் கடன்பட்டிருத்தல் என்னும் பொருளிலேயே தோன்றியது. கடல் கடந்த இரு மொழிகள், ஒன்றையொன்று அறியாத காலத்தே, கட்டளையைக் கடன் என்னும் கருத்தாலேயே உணர்த்தியமை நோக்கற்பாலது.

‘கான்’ என்பது அறிதலிற் பிறந்தது என்பதை உணர்ந்தவன், ‘எனக்கு நீந்தத் தெரியும்’ என்னும் தமிழ்த் தொடருக்கு ஆங்கிலத்தில் ‘நோ’ என்னும் வினையைத் தேடி அலையான். அத்தொடருக்கு இயல்பான ஆங்கிலம் ‘கான்’ என்பதே. ஈழத்துத் தமிழிற் பெருவழக்கினவாகிய ‘ஏலும்’, ‘ஏலாது’ என்பனவும் பெரும்பாலும் அச்சொல்லாற் பெயர்க்கத்தக்கன.

‘வேண்டும்’ என்னும் சொல்லின் விரிவு

தமிழ் மாணவர்க்கு நேரும் இடர்ப்பாடுகளுட் பல, ‘வேண்டும்’ என்னும் ஒரு சொல்லின் விரிந்த ஆட்சியால் விளைவன. விருப்பம், தேவை, கடமை, அறிவுரை, கட்டளை, வேண்டுகோள், ஊகம் ஆகிய யாவும் அச்சொல்லில் அடங்கும். இவற்றுள் எது கருதப்பட்டது என்பதைத் தமிழர் இடத்தாலும் குரலாலும் அறிந்துகொள்வர். ஆங்கிலம் அவற்றைத் தனித்தனிச் சொற்களாற் பிரித்துக் கூறும்.

சான்றாக, மாணவன் ஒருவன் அதிபருக்கு எழுதும் விடுமுறை விண்ணப்பத்தை நோக்கலாம். ‘இரண்டு நாள் விடுமுறை தந்துதவ வேண்டும்’ என்பது தமிழிற் பணிவு மிக்க தொடர். ‘வேண்டும்’ என்பதற்கு ‘மஸ்ற்’ எனப் பாடமாக்கிய மாணவன் அதனை அவ்வாறே ஆங்கிலத்தில் எழுதின், விண்ணப்பம் அதிபருக்கு இடும் கட்டளையாகிவிடும். அவன் உள்ளத்தில் இருந்தது பணிவு. தாளில் விழுந்தது அதிகாரம். இப்பிழையை எழுத்துப் பிழைபோல எளிதிற் காணுதல் இயலாது. வாக்கியம் இலக்கணத்திற்கு மாறுபடவில்லை. ஆயினும் எழுதியவனைச் செருக்கினன் எனக் காட்டுகின்றது. வேலை நாடி விண்ணப்பிக்கும் இளைஞர்க்கு இதனால் நேரும் இழப்புச் சிறிதன்று.

மரியாதையை உணர்த்துதற்குத் தமிழில் நீ, நீர், நீங்கள், தாங்கள் எனப் பல படிகள் உள. இக்கால ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ‘யூ’ ஒன்றே உண்டு. ஆகலின் தமிழில் முன்னிலைப் பெயரும் வினையீறும் தாங்கும் மரியாதைச் சுமையில் ஒரு பெரும்பங்கை ஆங்கிலத்தில் துணைவினைகள் தாங்குகின்றன. ‘கான்’ என்பதற்கு ஈடாகக் ‘குட்’, ‘வில்’ என்பதற்கு ஈடாக ‘வுட்’ என இறந்தகால வடிவத்தை ஆளும்போது, கேட்பவர் மறுத்தற்கும் இடம் வைத்து விலகி நின்று வேண்டுதலாகிய பண்பு தோன்றுகின்றது. அவ்விடங்களில் வடிவம் இறந்தகாலத்தது எனினும் பொருள் நிகழ்காலத்ததே. ஆங்கிலேயரிடம் மரியாதைச் சொல் இல்லை என எண்ணுவோர், அது முன்னிலைப் பெயரில் இன்றித் துணைவினையில் இருத்தலைக் காணாதவரே.

‘-லாம்’ என்னும் ஈற்றின் நிலையும் இத்தகையதே. ‘நீர் போகலாம்’ என்பதில் இசைவு. ‘மாலையில் மழை பெய்யலாம்’ என்பதில் நிகழத்தக்கமை. ‘வாருங்கள், பேராதனைப் பூங்காவிற்குப் போகலாம்’ என்பதில் அழைப்பு. முதலிரண்டிற்கும் ‘மே’ பொருந்தும். மூன்றாவதற்கு அது சிறிதும் பொருந்தாது, ‘லெற்’ என்னும் வினையே வேண்டும். ‘நீடு வாழ்க’ என வாழ்த்துமிடத்தும் ஆங்கிலம் ‘மே’ என்பதை வாக்கியத்தின் முதலில் நிறுத்தும். தமிழ் இலக்கணத்தார் வியங்கோள் எனக் கூறிய வடிவத்தின் வேலையை அங்கு அது செய்கின்றது.

எதிர்மறையின் இடம்

இப்பகுதியிலேதான் பிழை பெருந்தீங்கு விளைக்கக்கூடும். ‘மஸ்ற்’, ‘ஹாவ் ரூ’ என்னும் இரண்டும் உடன்பாட்டில் ஏறத்தாழ ஒரே பொருளைத் தரும். எதிர்மறையிலோ அவை எதிரெதிராகப் பிரிந்துவிடும். ‘மஸ்ற் நொற்’ என்பது விலக்கு. செய்தல் கூடாது என்பது பொருள். ‘நீட் நொற்’ என்பதும் ‘ஹாவ் ரூ’ என்பதன் எதிர்மறையும் விடுவிப்பு. செய்யவேண்டிய தேவை இல்லை, விரும்பின் செய்யலாம் என்பது பொருள். முன்னதில் எதிர்மறை செயலைச் சாரும்: செய்யாதிருத்தல் கட்டாயம். பின்னதில் எதிர்மறை கட்டாயத்தைச் சாரும்: செய்தல் கட்டாயமன்று.

தமிழில் ‘செய்யக்கூடாது’ என்பது விலக்கையும், ‘செய்யத் தேவையில்லை’, ‘செய்யவேண்டியதில்லை’ என்பன விடுவிப்பையும் ஐயமின்றிக் காட்டும். ஆயின் அன்றாட வழக்கிற் பயிலும் ‘வேண்டாம்’ என்பது இரண்டிற்கும் இடந்தருவது. சிங்களத்தில் விலக்குதற்கும் ‘போதும், வேண்டாம்’ என மறுத்தற்கும் வழங்கும் ‘எபா’ என்னும் சொல்லும் இதனோடு ஒப்பிடத்தக்கது. ‘இந்த மருந்தை இனிக் குடிக்க வேண்டாம்’ என வைத்தியர் ஒருவர் கூறுகின்றார். நோய் தீர்ந்துவிட்டது, இனி மருந்து அவசியமில்லை என்பது கருத்தாயின் ‘நீட் நொற்’ எனல் வேண்டும். மருந்து உடலுக்கு ஒவ்வாது, குடித்தால் இடர் நேரும் என்பது கருத்தாயின் ‘மஸ்ற் நொற்’ எனல் வேண்டும். தமிழில் வைத்தியரது முகக்குறிப்பு அவ்வேறுபாட்டைக் காட்டும். ஆங்கிலத்திற் கடிதம் எழுதுவோனுக்கு முகக்குறிப்பின் துணையில்லை. அவன் தேர்ந்த சொல்லே பேசும்.

‘மே’ என்பதன் எதிர்மறையும் ஆராயத்தக்கது. ‘மே நொற்’ என்பது ஓரிடத்தில் ‘வருதல் கூடாது’ என்னும் விலக்கையும், பிறிதோரிடத்தில் ‘வராமலும் இருக்கலாம்’ என்னும் ஐயத்தையும் உணர்த்தும். இங்கே தமிழ், ஆங்கிலத்தினும் தெளிவுடையது. எதிர்மறை எங்கு விழுகின்றது என்பதை ‘வராமல் இருக்கலாம்’ என்னும் சொல்லமைப்பே காட்டிவிடுகின்றது. ஆகலின் ஆங்கில நூலில் ‘மே நொற்’ எனக் காணும் மாணவன், தமிழின் இரு வடிவங்களையும் அவ்விடத்தில் வைத்து நோக்கி, பொருந்துவதைக் கொள்ளுதல் நன்று.

இறந்தகாலத்தில் நேரும் மயக்கம்

‘அவர் நேற்றே பணத்தைக் கட்டியிருக்க வேண்டும்’ என்னும் தொடரை எடுத்துக்கொள்க. இதற்கு இரு பொருள் உண்டு. பற்றுச்சீட்டு மேசையில் இருத்தலைக் கண்ட ஒருவர் இவ்வாறு கூறின், அவர் கட்டிவிட்டார் என்பது ஊகம். ஆங்கிலத்தில் ‘மஸ்ற் ஹாவ்’ எனத் தொடங்குதல் முறை. தவணை கடந்துவிட்டதை அறிந்த ஒருவர் இவ்வாறு கூறின், கட்டுதல் அவர் கடமை, ஆயினும் கட்டவில்லை என்பது குற்றச்சாட்டு. ஆங்கிலத்தில் ‘ஷுட் ஹாவ்’ எனல் முறை. ஒரு தமிழ்த் தொடர். அதன் இரு ஆங்கில வடிவங்களுள் ஒன்று பணம் கட்டப்பட்டது என்கின்றது, மற்றது கட்டப்படவில்லை என்கின்றது.

நீதிமன்றத்தில் தமிழ்ச் சாட்சியை ஆங்கிலத்திற் பெயர்ப்போன் இவ்வேறுபாட்டை உணரானாயின், சாட்சி கூறாத ஒன்று பதிவேட்டில் ஏறிவிடும். கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் கம்பளை, நாவலப்பிட்டி முதலிய ஊர்களிலும் வாழும் தமிழ் மக்களது முறையீடு, சாட்சியம், விண்ணப்பம் ஆகியன நெடுங்காலம் ஆங்கிலமாக மாற்றப்பட்டே அலுவலகங்களையும் நீதிமன்றங்களையும் சேர்ந்தன. அவர்களுடைய சொல் மாறாது சேருதற்கு, இடைநின்று பெயர்ப்போனது துணைவினையறிவு இன்றியமையாதது.

சட்டத்தில் ‘ஷல்’ என்பதும் ‘மே’ என்பதும்

கண்டி உடன்படிக்கையிற் கண்ட செய்தி இலங்கையின் பிற்காலச் சட்டங்களில் மேலும் தெளிவாகின்றது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம், சிங்களமே நாட்டின் ஒரே அரசகரும மொழி என விதிக்குமிடத்து ‘ஷல்’ என்பதை ஆண்டது. அதன் பின்னர் இயற்றப்பட்டது 1958ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தமிழ்மொழி (விசேட ஏற்பாடுகள்) சட்டம். அதில் தமிழ் மாணவர் தமிழ் வாயிலாகக் கற்பிக்கப்படும் உரித்துடையர் என்னும் பிரிவிலே ‘ஷல்’ உண்டு. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் விதிக்கப்பட்ட நிருவாகக் கருமங்களுக்குத் தமிழைப் பயன்படுத்துதல் பற்றிய பிரிவிலோ வந்த சொல் ‘மே’ என்பதாகும். பயன்படுத்துதல் வேண்டும் என்று அன்று, பயன்படுத்தலாம் என்றே சட்டம் கூறியது. அதுவும் பின்னர் ஆக்கப்படும் ஒழுங்குவிதிகளுக்கு அமைய. அவ்வொழுங்குவிதிகள் 1966ஆம் ஆண்டு சனவரி மாதத்திலேயே நிறைவேறின. எட்டு ஆண்டுகள் அந்த ‘மே’ ஏட்டிலே காத்திருந்தது.

சட்ட மொழியில் ‘ஷல்’ கடமையை விதிக்கும். ‘மே’ அதிகாரத்தை அளிக்கும். அதிகாரம் பெற்றவர் அதனைப் பயன்படுத்தலாம், பயன்படுத்தாமலும் விடலாம் என்பது பொது விதி. இதற்குப் புறனடையும் உண்டு. அதிகாரம் பிறர் நன்மைக்காக அளிக்கப்பட்டு, அதனைச் செலுத்துதல் கடமையோடு பிணிக்கப்பட்டிருப்பின், ‘மே’ என்னும் சொல் நின்றாலும் செலுத்தியே தீர வேண்டிய நிலை எழலாம் என்பதை 1880ஆம் ஆண்டில் யூலியஸ் என்பாருக்கும் ஒக்ஸ்போட் மேற்றிராணியாருக்கும் இடையே நிகழ்ந்த வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஆராய்ந்தது. துணைவினை ஒன்றின் பொருளைத் துணிய நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே கூடவேண்டியிருந்தது என்பது மாணவர் மனங்கொள்ளத்தக்கது.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு சிங்களமும் தமிழும் தேசிய மொழிகளாதல் வேண்டும் என விதித்தது. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் எனவும், ஆங்கிலம் இணைப்பு மொழியாதல் வேண்டும் எனவும் சேர்த்தது. இவ்விடங்களில் ஆங்கில வாசகம் ஆள்வது ‘ஷல்’. இலங்கைச் சட்டத் தமிழ் அதனை ‘ஆதல் வேண்டும்’ எனவும், ‘மே’ என்பதை ‘-லாம்’ எனவும் பெயர்த்துவரும் மரபுடையது. ‘பயன்படுத்தலாம்’ என்பதிலிருந்து ‘ஆதல் வேண்டும்’ என்பதற்கு வந்து சேர மூன்று பதிற்றாண்டுகள் சென்றன. எழுதப்பட்ட ‘ஷல்’ அலுவலக மேசைகளில் நடைமுறையாதல் வேறொரு முயற்சி எனினும், உரிமையைக் கேட்போனுக்கு அச்சொல் ஊன்றுகோலாகும். தனக்கு வழங்கப்பட்டது சலுகையா கடப்பாடா எனப் பிரித்தறிய மாட்டாதவன், எதனை எவ்வளவு கேட்கலாம் என்பதையும் அறியான்.

பழைய விதியும் இன்றைய வழக்கும்

தன்மையில் எளிய எதிர்காலத்திற்கு ‘ஷல்’, முன்னிலையிலும் படர்க்கையிலும் ‘வில்’ என்னும் பள்ளிக்கூட விதியைப் பழைய மாணவர் பலர் நினைவிற் கொண்டிருப்பர். ஆங்கிலத்திற்கு இலத்தீன் மொழியில் இலக்கணம் எழுதிய யோன் வாலிஸ் என்பார் 1653ஆம் ஆண்டில் இதனை வகுத்தார். மக்களது வழக்கு அவ்விதிக்கு முற்றும் அடங்கியதில்லை. 1961ஆம் ஆண்டளவிலும் 1991ஆம் ஆண்டளவிலும் அச்சான ஆங்கில எழுத்துகளைத் தொகுத்து ஒப்பிட்ட மொழியியலார், ‘ஷல்’, ‘மஸ்ற்’, ‘மே’ ஆகியவற்றின் ஆட்சி பிற்காலத்திற் குறைந்தமையைக் கண்டனர். சட்டத்துறையிலும் ‘ஷல்’ தன் தனியாட்சியை இழந்து வருகின்றது. தென்னாபிரிக்காவின் 1996ஆம் ஆண்டு அரசியலமைப்புக் கடமையை விதிக்குமிடத்து ‘மஸ்ற்’ என்பதையே ஆள்கின்றது. ஆகவே இன்றைய மாணவன் தன் எழுத்தில் ‘ஷல்’ என்பதை வலிந்து புகுத்தவேண்டியதில்லை. பழைய சட்டத்தையும் நூலையும் படிக்குங்கால் அதன் விசையை உணர்தல் மட்டும் அவனுக்குக் கட்டாயம்.

பேராதனையும் நூலறிவும்

1942ஆம் ஆண்டு கொழும்பில் நிறுவப்பெற்ற இலங்கைப் பல்கலைக்கழகம் 1952ஆம் ஆண்டு கண்டியை அடுத்த பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. 1960ஆம் ஆண்டளவில் தாய்மொழி வாயிலாகக் கற்ற மாணவர் அதன் கலைத்துறையிற் புகலாயினர். விரிவுரை தமிழிலோ சிங்களத்திலோ அமைந்தது. நூலகத்தின் நூல்களுட் பெரும்பாலன ஆங்கிலத்திலேயே இருந்தன. அம்மாணவர்க்கு ஆங்கிலம் பேசுதற்குரியது என்பதைவிடப் படித்தற்குரியதாக இருந்தது. மகாவலியின் கரையிலே இன்று பயிலுவோர்க்கும் இஃது ஓரளவு பொருந்தும்.

ஆராய்ச்சி நூலைப் படிப்போனுக்கு ஊகத்தின் படிகளைக் காட்டுவன இத்துணைவினைகளே. ஒரு கல்வெட்டின் காலம் பற்றி ஓர் ஆசிரியர் ‘மஸ்ற் ஹாவ்’ எனின் சான்று அம்முடிபையே வற்புறுத்துகின்றது என்பது கருத்து. ‘மே ஹாவ்’ எனின் இயலத்தக்கது என்பது. ‘மைற் ஹாவ்’ எனின் அதனினும் மெலிந்த ஊகம் என்பது. ‘கான்நொற் ஹாவ்’ எனின் சான்று அதனை மறுக்கின்றது என்பது. இவ்வேறுபாட்டைக் காணாது எல்லாவற்றையும் ‘இருந்தது’ எனக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வோன், ஆசிரியர் ஐயுற்றதை உறுதியாக்கிப் பிறர்க்கும் உரைப்பான். புலமை நேர்மையின் பெரும்பகுதி இச்சிறு சொற்களைக் காத்தலிலே தங்கியுள்ளது.

எல்லா வேறுபாடும் பிழையாகா என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. பேராதனையில் ஆங்கிலப் பேராசிரியராக விளங்கிய திரு கந்தையா, இலங்கை ஆங்கிலம் தனக்கென ஒழுங்குடைய ஒரு மொழிவகை எனத் தம் ஆய்வுகளால் வற்புறுத்தினார். ‘வர முடியுமா?’ என்றதற்கு எழுவாயின்றிக் ‘கான்’ என மட்டும் விடையிறுத்தல் கண்டித் தெருக்களிற் கேட்கத்தக்கது; ‘முடியும்’, ‘புளுவன்’ என்னும் தாய்மொழி வழக்கின் நிழலது. நண்பரிடைப் பேச்சில் அதனைக் குற்றமெனக் கடிதல் வேண்டா. பொருளை மாற்றும் பிழையையும் பொருளை மாற்றாத வழக்கையும் வேறுபிரித்து, முன்னதைத் திருத்துதலில் ஆசிரியர் தம் முயற்சியைச் செலுத்துதல் சாலும்.

பயிலும் முறை

மேற்கூறியவற்றிலிருந்து பயிற்சிக்குரிய வழி தானே புலப்படும். ஆங்கிலத்தில் எழுதத் தொடங்குமுன் மாணவன் தன் தமிழ்த் தொடரிடம் மூன்று வினாக்களை எழுப்புவானாக. முதலாவது, இவ்விசை எங்கிருந்து வருகின்றது? செய்வோனது ஆற்றலிலிருந்தோ, பேசுவோனது விருப்பத்திலிருந்தோ, சட்டத்திலிருந்தோ, கண்ட சான்றிலிருந்தோ? இரண்டாவது, அவ்விசை எத்துணை வலியது? கட்டளையோ, அறிவுரையோ, வேண்டுகோளோ, வெறும் ஊகமோ? மூன்றாவது, எதிர்மறை உண்டாயின், அது செயலை மறுக்கின்றதோ, செயலின் கட்டாயத்தை மறுக்கின்றதோ?

ஆசிரியர்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. துணைவினைகளை நிரலாக எழுதி ஒவ்வொன்றன் எதிரிலும் ஒரு தமிழ்ச் சொல் எழுதும் அட்டவணையைக் கைவிடுதல் வேண்டும். அதற்கு மாறாக, ‘அவர் வந்திருக்க வேண்டும்’, ‘நீர் வர வேண்டாம்’, ‘போகலாம்’ என்பன போன்ற தொடர் ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, அது எவ்வெச் சூழலிற் பேசப்படலாம் என மாணவரையே கூறச் செய்து, சூழலுக்கொரு வாக்கியம் ஆங்கிலத்தில் அமைப்பித்தல் நன்று. மேல்வகுப்பினர்க்கு ஒரு சட்டப் பிரிவையோ அறிவித்தல் ஒன்றையோ கொடுத்து, ‘ஷல்’ இருந்த இடத்தில் ‘மே’ என்பதை அமைத்தால் யார் எதனை இழப்பர் என வினவலாம். அவ்வினாவிற்கு விடை காண்போன் இலக்கணத்தோடு குடிமையறிவையும் ஒருங்கு பெறுவான்.

மகுல் மடுவவிலே 1815ஆம் ஆண்டிற் கூடியிருந்தோர்க்கு ஆங்கில வாசகமும் சிங்கள வாசகமும் வாசிக்கப்பட்டன. அவற்றுள் ஒவ்வொரு வினையும் எவ்வளவு தாங்கும், எவ்வளவு தாங்காது என்பது மூன்றே ஆண்டுகளில் வெளிப்படலாயிற்று. பிறமொழி ஆவணத்திற் கையொப்பமிடும் நிலை இன்று எளிய குடிமகனுக்கும் நாளும் நேர்கின்றது. வேலை ஒப்பந்தம், வங்கிக் கடன், வெளிநாட்டுப் பயணப் பத்திரம் எனப் பல. அவற்றுள் ‘லாம்’ எது, ‘வேண்டும்’ எது, ‘கூடாது’ எது, ‘தேவையில்லை’ எது எனத் தெளிந்து கையொப்பமிடும் ஆற்றலை மாணவர் கல்லூரியிலேயே பெறுவாராக.